ஏழு அடுக்கு, ஒரே சாவி

கொஞ்ச நாளைக்கு முன்னால் கோவில்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் நடந்த கூட்டத்துக்குப் போயிருந்தேன். தீப்பெட்டி ஆபீஸ்காரர்கள், கடலைமிட்டாய்க்காரர்கள், பிரிண்டிங் பிரஸ் வைத்திருப்பவர்கள், மில் அக்கவுண்ட்ஸ் ஆட்கள் என்று அறுபது எழுபது பேர். தலைப்பு, 'உங்கள் தொழிலுக்கு ஏழடுக்கு சைபர் பாதுகாப்பு'. பேச வந்தவர் பாதுகாப்புச் சாதனங்கள் விற்கும் ஒரு கம்பெனியின் ஆள். நன்றாகவே பேசினார். 2022 ஏப்ரலில் செர்ட்-இன் போட்ட உத்தரவைச் சொன்னார்: தாக்குதல் நடந்தது தெரிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும், கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். மண்டபத்தில் பாதிப் பேருக்கு அது புதுச் செய்தி. அதுவரைக்கும் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அடுத்து ஒரு படம் போட்டார். ஐரோப்பியக் கோட்டை ஒன்று. சுற்றிலும் அகழி, அதற்கு ஃபயர்வால்னு பெயர். வெளிச்சுவர், மின்னஞ்சல் வடிகட்டி. வாசல், பாஸ்வேர்டும் ஓடிபியும். காவல்காரன், ஆன்டிவைரஸ். இப்படி ஏழு. நடுவில் ராஜா உட்கார்ந்திருக்கிறார், அவர்தான் உங்கள் டேட்டா. "ஒரு அடுக்கு போனாலும் அடுத்த அடுக்கு காப்பாத்திரும் சார்" என்றார்.

என் பக்கத்தில் இருந்த அண்ணாச்சி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பெயரும் தொழிலும் இங்கே வேண்டாம். போன வருஷம் வெளிநாட்டிலிருந்து ஒரு மிஷினுக்கு உதிரிபாகம் வாங்கினார். எல்லாப் பேச்சும் மின்னஞ்சலில். இரண்டாவது தவணை அனுப்பும் நேரத்தில் ஒரு மெயில்: 'எங்கள் வங்கிக் கணக்கில் தணிக்கை நடக்கிறது, இந்தமுறை இந்தக் கணக்குக்கு அனுப்பவும்.' அனுப்பினவன் முகவரியில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. பணம் போய்விட்டது. நல்ல கார் ஒன்று வாங்கும் அளவுக்கான பணம். 'பணம் இன்னும் வரலியே' என்று உண்மையான சப்ளையர் கேட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. 1930-க்கு போன் போடும்போது ஒன்பது நாள் ஆகியிருந்தது.

படத்தைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார்: "தம்பி, இதுல எந்த அடுக்குய்யா நம்மளக் காப்பாத்திருக்கும்?"

நானும் ஏழையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. வைரஸ் வரவில்லை, யாரும் அவர் கணினிக்குள் நுழையவில்லை, பாஸ்வேர்டு திருடு போகவில்லை. அவருடைய ஆளே, அவருடைய அனுமதியோடு, அவருடைய வங்கியில் படிவம் எழுதிக் கொடுத்துப் பணம் அனுப்பினார். மின்னஞ்சல் வடிகட்டி ஒருவேளை பிடித்திருக்கலாம் என்று சொல்லலாம்தான். ஆனால் இந்த மாதிரி மோசடியில் பல சமயம் சப்ளையரின் உண்மையான மெயில் பெட்டிக்குள்ளேயே திருடன் உட்கார்ந்திருப்பான். அப்போது எழுத்துகூட மாறாது.

அடுக்கடுக்கான பாதுகாப்பு என்ற கொள்கை தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. இருபது வருஷமாக மென்பொருள் எழுதிச் சாப்பிடுகிறவன் அப்படிச் சொல்ல முடியாது. அந்தக் கொள்கை நம் ஊர்களில் விற்பனைக்கு வரும்போது அதன் உயிரான பகுதி கழன்று விழுந்துவிடுகிறது, எண்ணிக்கை மட்டும் மிஞ்சுகிறது என்பதுதான் என் புகார்.

அந்த உயிரான பகுதி ஒரு சின்னக் கணக்கு. ஒவ்வொரு அடுக்கும் பத்துத் தாக்குதலில் ஒன்பதைத் தடுத்து, ஒன்றை விட்டுவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து அடுக்கு இருந்தால் ஐந்தையும் தாண்டுவது லட்சத்தில் ஒன்று. கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் இந்தப் பெருக்கல் செல்லுபடியாக ஒரு நிபந்தனை உண்டு. ஒரு அடுக்கு தோற்கும் காரணத்துக்கும் இன்னொரு அடுக்கு தோற்கும் காரணத்துக்கும் சம்பந்தம் இருக்கக்கூடாது. சம்பந்தம் இருந்தால் லட்சத்தில் ஒன்று மளமளவென்று இறங்கி, மோசமான நிலையில் பத்தில் ஒன்றாகவே நின்றுவிடும். ஜேம்ஸ் ரீசன் என்ற உளவியலாளர் விபத்துகளைப் பற்றிச் சொன்ன ஓட்டைப் பாலாடைக்கட்டி உவமையை எல்லாரும் எடுத்துக் காட்டுவார்கள்: துண்டுகளை அடுக்கினால் ஒன்றின் ஓட்டையை இன்னொன்று மறைக்கும். ஒரே கட்டியிலிருந்து, ஒரே இடத்தில் ஓட்டை விழுந்த துண்டுகளாக வெட்டி அடுக்கினால் என்ன ஆகும்?

நம் ஊர் ஆபீஸ்களில் அதுதான் நடக்கிறது. ஃபயர்வால், மெயில், டேலி ஓடும் சர்வர், பேக்கப், கேமரா, எல்லாம் தனித்தனிப் பெட்டி. ஆனால் எல்லாவற்றுக்கும் பாஸ்வேர்டு வைத்திருப்பது 'கம்ப்யூட்டர் பாக்குற தம்பி' ஒருவர். அவர் திருநெல்வேலியிலோ மதுரையிலோ இருந்து எனிடெஸ்க் வழியாக உள்ளே வருவார். இருபது கஸ்டமர்களுக்கும் பாஸ்வேர்டில் கடைசி இரண்டு எண்தான் மாறும். அவருடைய ஒரு லேப்டாப் போனால் ஏழு அடுக்கும் ஒரே நிமிஷத்தில் போகும். ஏழு கதவுக்கும் ஒரே சாவி. (அந்தத் தம்பியைக் குறை சொல்லவில்லை. மாசம் ஆயிரம் ரூபாய்க்கு அவர் அதைத்தான் செய்ய முடியும்.)

கோட்டைப் படத்துக்கு வருகிறேன். கோவில்பட்டிக்காரனிடம் கோட்டை என்று சொன்னால் நினைவுக்கு வருவது பாஞ்சாலங்குறிச்சிதான். கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்ட பிறகு இடிக்கப்பட்ட அந்தக் கோட்டையை, 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரையும் ஆட்களும் சீக்கிரமே திரும்ப எழுப்பினார்கள். மண்கோட்டைதான். அகழி, பல சுற்று மதில் என்றெல்லாம் அந்த ஸ்லைடில் இருப்பது மாதிரி ஒன்றும் கிடையாது. மார்ச் கடைசியில் கும்பெனிப் படை பீரங்கியால் மதிலில் உடைப்பு உண்டாக்கி ஏறியது. ஆனாலும் உள்ளே போக முடியவில்லை. அந்தச் சண்டையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் 1830-ல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில் காரணத்தைச் சொல்கிறார்: உடைப்புக்குப் பின்னால் மிக நீண்ட ஈட்டிகளோடு ஆட்கள் நின்றார்கள். உச்சியில் ஏறினவனுக்குக் கால் வைக்க இடமில்லை. மே மாதம் கூடுதல் படையும் பீரங்கியும் வந்த பிறகுதான் கோட்டை விழுந்தது.

அதாவது சுவர் உடையும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, உடைந்த இடத்தில் என்ன செய்வது என்று யோசித்திருக்கிறார்கள். இரண்டாவது அடுக்கு இன்னொரு சுவராக இல்லை. வேறு வகையானதாக இருந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு நம் மாநிலத்தில் நடந்த ஒரு நிஜ சம்பவத்தைப் பார்ப்போம். இந்தத் தலைப்பில் தமிழில் எழுதுகிறவர்கள் இதை ஏனோ தொடுவதே இல்லை.

கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கி. 1904-ல் தொடங்கியது. 2018 பிப்ரவரி 7 காலையில் வழக்கமான கணக்குச் சரிபார்ப்பில் உட்கார்ந்தபோது, வங்கி அனுப்பாத மூன்று பணப்பரிமாற்றங்கள் ஸ்விஃப்ட் வழியாக வெளியே போயிருப்பது தெரிந்தது. ஸ்விஃப்ட் என்பது நாடு விட்டு நாடு பணம் அனுப்ப வங்கிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பிக்கொள்ளும் செய்தி வலை. அதில் வரும் கட்டளையை எதிர்முனை வங்கி பொதுவாகச் சந்தேகிக்காது. மூன்றும் சேர்த்து கிட்டத்தட்ட 20 லட்சம் டாலர். ஐந்து லட்சம் டாலர் நியூயார்க் வழியாகத் துபாய்க்கு. மூன்று லட்சம் யூரோ ஃபிராங்க்ஃபர்ட் வழியாகத் துருக்கிக்கு. பத்து லட்சம் டாலர் நியூயார்க் வழியாகச் சீனாவுக்கு. துபாய்க்குப் போனது வழியிலேயே நிறுத்தப்பட்டுத் திரும்பி வந்தது. துருக்கியில் போனது அங்கேயே முடக்கப்பட்டது. சீனாவுக்குப் போனதைப் போலி ஆவணம் காட்டி எடுத்துக்கொண்டார்கள். 'இது சர்வதேசக் குற்றவாளிகளின் வேலை, உள்ளாட்கள் சம்பந்தப்பட்டதாகத் தெரியவில்லை' என்பது வங்கியின் நிலைப்பாடு.

இதில் என்னை உட்கார வைத்த விவரம் பிரிண்டர். ஸ்விஃப்டில் ஒரு கட்டளை போனால் அதற்கான ஒப்புதல் செய்தி பிரிண்டரில் தானாக அச்சாகும். பழைய காலத்துப் பழக்கம், காகிதத்தில் ஒரு நகல். முந்தைய நாள் அந்தப் பிரிண்டர் வேலை செய்யவில்லை. தாக்கியவர்கள் அதை முடக்கியிருந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் 2016 பிப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியில் நடந்ததும் இதே மாதிரிதான். அங்கேயும் பிரிண்டர் ஓடவில்லை. 'பிரிண்டர் ரிப்பேர்' என்று நினைத்து விட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை, அப்புறம் நியூயார்க்கில் வார விடுமுறை, திங்கட்கிழமை மணிலாவில் சீனப் புத்தாண்டு விடுமுறை. கட்டளைகள் 35, மொத்தம் சுமார் 95 கோடி டாலர். ஐந்து மட்டும் நிறைவேறின. 8.1 கோடி டாலர் பிலிப்பைன்ஸ் சூதாட்ட விடுதிகளுக்குள் போய் மறைந்தது.

மீதி எப்படித் தப்பித்தது என்பதுதான் இங்கே முக்கியம். ஒரு பெரிய தொகுதி நின்றதற்குக் காரணம், பணம் போகவேண்டிய மணிலா வங்கிக் கிளை இருந்த தெருவின் பெயர் ஜூபிடர். அதே பெயர் தடைப்பட்டியலில் உள்ள வேறொரு நிறுவனத்தின் பெயரிலும் இருந்ததால் நியூயார்க்கில் எச்சரிக்கை அடித்தது. சுத்தமான தற்செயல். இன்னொரு இரண்டு கோடி டாலர் இலங்கையில் ஷாலிகா பவுண்டேஷன் என்ற பெயருக்குப் போனது. கட்டளையில் பவுண்டேஷன் என்ற சொல்லுக்கு எழுத்துப்பிழை. இடையில் இருந்த ஜெர்மன் வங்கியில் ஒருவர் 'இது என்ன எழுத்து?' என்று விசாரித்தார். கொழும்பில் பான் ஏசியா வங்கியிலும் 'எங்கள் நாட்டுக்கு இவ்வளவு பெரிய தொகையா?' என்று சந்தேகப்பட்டார்கள். பணம் திரும்பி வந்தது.

இப்போது கும்பகோணத்தோடு இன்னொரு வங்கியை ஒப்பிட வேண்டும். சிட்டி யூனியன் திருட்டைக் கண்டுபிடித்த ஒரு வாரத்தில், 2018 பிப்ரவரி 14 அன்று, பஞ்சாப் நேஷனல் வங்கி மும்பைக் கிளையில் நடந்த மோசடியை அறிவித்தது. முதலில் சொன்ன தொகை சுமார் 11,400 கோடி ரூபாய், பிறகு இன்னும் கூடியது. அங்கேயும் வழி ஸ்விஃப்ட்தான். ஆனால் ஹேக்கர் யாரும் இல்லை. கிளை அதிகாரிகளே நீரவ் மோடி நிறுவனங்களுக்காக உறுதிக் கடிதங்களை ஸ்விஃப்டில் அனுப்பிவிட்டு, வங்கியின் மையக் கணக்கு மென்பொருளில் பதியாமல் விட்டார்கள். இரண்டும் ஒன்றோடொன்று இணைக்கப்படவில்லை. 2011 முதல் ஓடிய கூத்து. 2016 ஆகஸ்ட் தொடங்கிக் குறைந்தது மூன்று தடவை ஸ்விஃப்ட் விஷயத்தில் வங்கிகளை எச்சரித்ததாக ரிசர்வ் வங்கியே அந்த மாதம் அறிக்கை விட்டது.

நாட்டின் மிகப் பெரிய பொதுத்துறை வங்கிகளில் ஒன்றில் இதைப் பிடிக்க ஏழு வருஷம் ஆனது. கும்பகோணத்துச் சின்ன வங்கியில் ஒரே இரவு. கும்பகோணத்தில் ஃபயர்வால் நன்றாக இருந்ததா என்றால், உள்ளேதான் வந்துவிட்டார்களே. வித்தியாசம், காலையில் ஒருவர் உட்கார்ந்து 'நாம் அனுப்பினதும் வெளியே போனதும் ஒன்றா' என்று இரண்டு தாள்களை ஒத்துப் பார்த்ததில் இருக்கிறது. பஞ்சாப் நேஷனல் வங்கி விவகாரம் வெளியே வந்த விதமும் இதே ரகம். 2018 ஜனவரியில் புதிய கடிதம் கேட்டு வந்தபோது இருந்த அதிகாரி, 'நூறு சதவீதம் பணத்தை முன்னால் கட்டுங்கள்' என்றார். வந்தவர்கள், 'முன்னாடியெல்லாம் இப்படிக் கேட்டதில்லையே' என்றார்கள். முன்னாடி என்றால் எப்போது என்று பதிவேட்டைத் தேடினால் ஒன்றுமே இல்லை.

இந்த இரண்டு வங்கிக் கதையையும் சேர்த்துப் படித்தால் விற்பனைக்காரர் படத்தின் குறை தெளிவாகத் தெரியும். அவருடைய ஏழு அடுக்கும் ஒரே திசையைப் பார்த்து நிற்கின்றன. வெளியிலிருந்து வருகிறவனைத் தடுக்க. உள்ளே வந்துவிட்டவனை, உள்ளேயே இருப்பவனை, உள்ளே வராமலேயே உங்கள் கையால் காரியம் சாதிப்பவனைப் பற்றி அந்தப் படத்துக்கு ஒரு கருத்தும் இல்லை. அவற்றைப் பிடிக்கும் அடுக்குகளை வாங்கவும் முடியாது. தினசரி பேங்க் ஸ்டேட்மென்டை ஒத்துப் பார்ப்பதற்கு யாரும் இன்வாய்ஸ் போட முடியாது, அதனால் அது ஸ்லைடில் வருவதில்லை. இது கொஞ்சம் கசப்பான வாக்கியம்தான், ஆனால் அப்படித்தான் நினைக்கிறேன்.

பட்டியல் போட்டு டிக் அடிப்பதும் இதே நோய். பங்களாதேஷ் திருட்டுக்குப் பிறகு ஸ்விஃப்ட் அமைப்பே கட்டாயப் பாதுகாப்பு விதிகள் போட்டது. 2017 டிசம்பர் முடிவதற்குள் ஒவ்வொரு வங்கியும் தன் நிலையைத் தானே அறிவிக்க வேண்டும் என்றது. அந்தக் கெடு முடிந்த ஆறாவது வாரத்தில்தான் கும்பகோணம் நடந்தது.

ஒரே காரணத்தால் எல்லாமும் விழும் என்பதற்கு மெர்ஸ்க் கதையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 2017 ஜூன் 27, உலகின் பெரிய கப்பல் கம்பெனி. உக்ரைனில் வரிக்கணக்குக்குப் பயன்படும் ஒரு மென்பொருளின் அப்டேட் வழியாக நாட்பெட்யா என்ற மால்வேர் உள்ளே வந்தது. (நம் ஊரில் அக்கவுண்ட்ஸ் மென்பொருள் அப்டேட் கேட்டால் யோசிக்காமல் ஓகே அழுத்துவோமே, அதே மாதிரி.) சில மணி நேரத்தில் உலகம் முழுக்க ஆபீஸ்கள் இருண்டன. மும்பை நவசேவாத் துறைமுகத்தில் அந்தக் குழுமத்தின் முனையமும் நின்றுபோனது. யார் எந்தக் கணினிக்குள் வரலாம் என்ற விவரத்தை வைத்திருக்கும் மையச் சர்வர்கள் உலகெங்கும் சுமார் 150. ஒன்று போனால் இன்னொன்று காப்பாற்றும் என்பதற்காக அவை தங்களுக்குள் எந்நேரமும் நகலெடுத்துக்கொண்டே இருந்தன. அத்தனையும் ஒன்றாக அழிந்தன. கானா நாட்டில் ஒரே ஒரு சர்வர் மட்டும் பிழைத்தது. ஏன் தெரியுமா? தாக்குதல் நேரத்தில் அங்கே கரண்ட் இல்லை.

2012 வாக்கில் பகலெல்லாம் மின்வெட்டில் வெந்த நம் ஆட்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். அந்த ஹார்டு டிஸ்க்கை ஆள் கையில் கொடுத்து, நைஜீரியா விமான நிலையத்தில் கைமாற்றி, லண்டனுக்குக் கொண்டுபோய்த்தான் கம்பெனியை மீட்டார்கள். 150 நகல் என்பது 150 அடுக்கு இல்லை. ஒரு அடுக்குதான். மின்வெட்டு, அதுவும் யாரும் திட்டமிடாத மின்வெட்டு, இரண்டாவது அடுக்காக இருந்தது.

எங்கள் கரிசல் சம்சாரிகளுக்கு இதை விளக்க இவ்வளவு தூரம் சுற்ற வேண்டியதில்லை. மானாவாரிக் காட்டில் கம்பு, சோளம், உளுந்து, பாசி, பருத்தி என்று கலந்து விதைத்தவர்கள் அவர்கள். ஒன்றுக்கு வருகிற பூச்சி இன்னொன்றைத் தொடாது, ஒன்று தாங்காத வறட்சியை இன்னொன்று தாங்கும். அப்புறம் மக்காச்சோளத்துக்கு விலை வந்தது, காடு காடாக மக்காச்சோளம் மட்டும் போட்டோம். 2018-ல் படைப்புழு வந்தபோது ஒருத்தன் காடு தப்பவில்லை. பத்து ஏக்கர் வைத்திருந்தவனுக்குப் பத்து மடங்கு பாதுகாப்பு இருந்ததாக யாரும் சொல்ல மாட்டார்கள்.

இதற்குப் பதிலாக, 'அப்படியானால் வேறு வேறு கம்பெனிச் சாதனமாக இன்னும் நாலு வாங்கிப் போடுகிறேன்' என்று ஒருவர் சொல்லலாம். கூட்டத்தில் ஒருவர் சொல்லவும் செய்தார். அதிலும் ஒரு சிக்கல். ஒவ்வொரு பாதுகாப்பு மென்பொருளும் கணினியின் அடிமடியில் உட்காரும், அதிக அதிகாரம் கேட்கும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனி அனுப்பிய ஒரு தப்பான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸ் கையால் எழுதிக் கொடுத்தார்கள். தாக்கினவன் யாரும் இல்லை, காவல்காரன்தான் கதவை அடைத்துவிட்டு மயங்கிவிட்டான்.

நம் பக்கத்திலேயே நடந்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கூடங்குளம். 2019 அக்டோபர் 28 அன்று அணுமின் நிலையத்தில் மால்வேர் என்று ட்விட்டரில் செய்தி பரவியது. மறுநாள் நிலையத்தின் சார்பில் மறுப்பு வந்தது: கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்து இயங்குபவை, வெளி வலையோடு தொடர்பில்லை, தாக்குதல் சாத்தியமே இல்லை. அதற்கு அடுத்த நாள் இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது: மால்வேர் இருந்தது உண்மை, செப்டம்பர் 4-ஆம் தேதியே செர்ட்-இன் தெரிவித்தது, நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைந்த ஒரு கணினியில் இருந்தது, அணுஉலைப் பக்கம் போகவில்லை.

பலர் இதை வைத்துக் கழகத்தைக் கிண்டல் செய்தார்கள். எனக்கு இது இரண்டு மாதிரி தெரிகிறது. அவர்கள் சொன்னபடி உலைப் பக்கம் போகவில்லை என்றால், அங்கே ஒரு அடுக்கு உண்மையிலேயே வேலை செய்திருக்கிறது. வலையைப் பிரித்து வைப்பது வேறு வகையான தடுப்பு, அதற்கு மதிப்புத் தர வேண்டும். தப்பு அந்த முதல் மறுப்பில் இருக்கிறது. உள் அடுக்கு பத்திரமாக இருப்பதைக் காட்டி, வெளி அடுக்கு உடைந்ததே இல்லை என்று சாதித்தது. அடுக்குக் கொள்கையை நம்புகிறவனுக்கு 'இந்த அடுக்கு போய்விட்டது' என்று வாய்விட்டுச் சொல்வது சுலபமாக இருக்க வேண்டும், அதற்காகத்தானே அடுத்ததை வைத்திருக்கிறான்.

என் வாதத்திலும் ஓட்டை இருக்கிறது, அதையும் பேசிவிடுவோம். கணக்கை ஒத்துப் பார்க்கும் மனிதர், கேள்வி கேட்கும் அதிகாரி என்று நான் மனிதர்களை உயர்த்திப் பேசுகிறேன். ஆனால் பங்களாதேஷில் பிரிண்டர் ஓடாததைப் பார்த்ததும் மனிதர்கள்தான். 'எப்பவும் மக்கர் பண்ணும் பிரிண்டர்தானே' என்று விட்டதும் அவர்களே. மனிதருக்குக் களைப்பு உண்டு, பழகிப்போதல் உண்டு. நூறு எச்சரிக்கை பொய்யாக அடித்தால் நூற்றியோராவதை யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

நம் ஊரில் இன்னொன்றும் உண்டு, பயம். அண்ணாச்சி கதையில் நான் முதலில் சொல்லாமல் விட்ட பகுதி அது. அந்த மெயில் வந்தபோது அவருடைய அக்கவுண்ட்ஸ் அக்காவுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. முதல் தவணை போன நாடு வேறு, இந்தக் கணக்கு இருக்கும் நாடு வேறு. மேனேஜரிடம் சொல்லியிருக்கிறார். "அண்ணாச்சியே ஓகே சொல்லிட்டாரு, நீங்க என்ன?" என்று பதில் வந்திருக்கிறது. அதற்கு மேல் அவர் பேசவில்லை. எப்படிப் பேசுவார்? போன தடவை ஒரு செக்கை நிறுத்தி வைத்ததற்கு எல்லார் முன்னாடியும் திட்டு வாங்கியவர். அந்த ஆபீஸில் வேலை செய்த ஒரே அடுக்கு அந்த அக்காவின் சந்தேகம்தான். அதை அண்ணாச்சி பல வருஷம் திட்டித் திட்டியே அணைத்து வைத்திருந்தார். இதை அவரிடமே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

பணம் போன கையோடு அவர் வாங்கியது ஒரு ஃபயர்வால். வருஷச் சந்தாவோடு. அது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ரான்சம்வேர் மாதிரி வேறு ஆபத்துகளுக்கு அதுவும் தேவைதான். ஆனால் கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றபோது பணச் செலவில்லாத மூன்று வேலை சொன்னேன். கணக்கு எண் மாறினதாக எந்த மெயில் வந்தாலும், அந்த மெயிலில் இருக்கும் நம்பருக்குக் கூப்பிடாமல், பழைய பில்லில் இருக்கும் நம்பருக்குக் கூப்பிட்டுக் குரலைக் கேட்பது. டேலி பேக்கப்பை இரண்டு ஹார்டு டிஸ்க்கில் மாற்றி மாற்றி எடுத்து, ஒன்றை எப்போதும் கழற்றி வீட்டு பீரோவில் வைப்பது, அதாவது கானா சர்வர் மாதிரி ஒன்றைக் கரண்ட் இல்லாமல் வைப்பது. மூன்றாவது, எந்தப் பணத்தையும் ஒரு நாள் நிறுத்தி வைக்கும் அதிகாரத்தை அந்த அக்காவுக்குக் கொடுப்பது, அண்ணாச்சியே கையெழுத்துப் போட்டிருந்தாலும்.

முதல் இரண்டுக்கும் உடனே தலையாட்டினார். மூன்றாவதுக்கு டீ கிளாஸைக் கீழே வைத்தார். "நல்ல பார்ட்டிப் பணத்தை நிறுத்தி வச்சு, சரக்கு லேட்டானா யார் பொறுப்பு?"

நியாயமான கேள்விதான். என்னிடம் நல்ல பதில் இல்லை. கும்பகோணத்திலோ கொழும்பிலோ கேள்வி கேட்டவர்கள் சரியாகக் கேட்டதால் நமக்குத் தெரிகிறது. தேவையில்லாமல் நிறுத்தி வைத்துத் திட்டு வாங்கினவர்களை யாரும் எழுதி வைப்பதில்லை. அந்தச் செலவையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும், நான் போடவில்லை.

போன மாசம் அண்ணாச்சி போன் பண்ணினார். அந்த அக்கா முதல் தடவையாக ஒரு பணத்தை நிறுத்தியிருக்கிறார். கோயம்புத்தூர் சப்ளையர் நிஜமாகவே பேங்க் மாற்றியிருந்தார், எல்லாம் சுத்தம். ஒரு நாள் தாமதம், சப்ளையர் முணுமுணுப்பு. "ஒன் பேச்சைக் கேட்டதுக்கு இதுதான்" என்று என்னைக் கால்மணி நேரம் வைதார். அந்த அதிகாரத்தைத் திரும்ப வாங்கிட்டீங்களா அண்ணாச்சின்னு கேட்டேன்.

"இல்ல, இருக்கட்டும்" என்றார்.